மலையிறக்கத்தில் பிரேக் ஏன் பிடிக்காமல் போகிறது?

குன்னூரிலிருந்து இறங்கி வந்து கல்லாறு அடிவாரத்தில் ஓரங்கட்டும் கார்களின் பக்கம் போனால் பல நேரம் ஒரு தீய்ந்த வாடை அடிக்கும். வெளியூர்க்காரர்கள் எஞ்சினில்தான் ஏதோ கோளாறு என்று பானெட்டைத் திறந்து பார்ப்பார்கள். வாடை வருவது அங்கிருந்து அல்ல, முன் சக்கரங்களிலிருந்து. சக்கரத்தோடு சுழலும் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் சூடேறிக் கருகும் வாடை அது. அந்த வண்டிக்குக் கோளாறு எதுவும் இருக்க வேண்டும் என்பதில்லை. இறக்கிய விதம் போதும்.

பிரேக்கின் வேலை வண்டியை நிறுத்துவது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சமதளத்தில் அப்படி நினைப்பதால் ஒன்றும் கெட்டுப்போகாது. மலையில் மட்டும் பிரேக்கை வேறு மாதிரி பார்க்க வேண்டும்: வண்டியின் ஆற்றலை வெப்பமாக மாற்றிக் காற்றில் விடும் கருவி அது. அந்த வெப்பம் வெளியேறுவதைவிட வேகமாகச் சேர்ந்தால் பிரேக் தோற்கும்.

எவ்வளவு வெப்பம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், குன்னூர் 1,850 மீட்டர் வாக்கில். இறக்கம் 1,500 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆட்களும் மூட்டைகளுமாக 15 டன் எடையுள்ள ஒரு பேருந்து அந்த உயரத்தை இழக்கும்போது வெளிவரும் ஆற்றல் மின்சாரக் கணக்கில் 61 யூனிட். ஒரு மணி நேரத்தில் இறங்கினால் அத்தனை நேரமும் 61 கிலோவாட் வீதம் எங்காவது போய்ச் சேர வேண்டும். அரை மணி நேரத்தில் பறந்து இறங்கினால் இரண்டு மடங்கு வீதம். டயர் உருள்வதும் காற்றின் தடையும் இதில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும். மிச்சம் முழுவதும் பிரேக்கின் தலையில்தான், வேறு வழி செய்து தராவிட்டால்.

இன்னொரு விதமாகவும் சொல்லலாம். 1,500 மீட்டர் இறக்கம் என்பது 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நூறு முறைக்கு மேல் பிரேக் அடித்து முழுவதுமாக நிறுத்துவதற்குச் சமம். எடை கூடினால் இரண்டு பக்கமும் ஒரே விகிதத்தில் கூடும் என்பதால் ஆல்டோவானாலும் லாரியானாலும் இந்தக் கணக்கு மாறாது. சமவெளியில் ஒரு மாதம் முழுக்க ஓட்டினாலும் சிலர் அத்தனை முறை அழுத்தி நிறுத்தியிருக்க மாட்டார்கள். மலையில் அது ஒரே மூச்சில் நடக்கிறது.

சரிவு இழுக்கும் விசையையும் பார்த்துவிடுவோம். 12 அடி முன்னே போனால் 1 அடி இறங்கும் சாலையை ‘12க்கு 1’ என்பார்கள். கோணமாகப் பார்த்தால் 5 டிகிரிகூட இல்லை, கண்ணுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் 1,500 கிலோ காரை அந்தச் சரிவு சுமார் 125 கிலோ விசையோடு இடைவிடாமல் கீழே இழுக்கிறது. ஊட்டி மலை ரயிலின் செங்குத்தான பகுதியும் ஏறக்குறைய இதே 12க்கு 1தான். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு என்பதால் கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் பல் தண்டவாளம் போட்டு, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறும்படி செய்தார்கள். ரப்பர் டயருக்கும் தார்ச்சாலைக்கும் அந்த அளவு மோசம் இல்லை. அதனால்தான் அதே சரிவில் நாம் பல் இல்லாமல் ஏறி இறங்குகிறோம்.

பிரேக் சூடானால் என்ன நடக்கும்?

மூன்று விதமாகப் பிரேக் நம்மைக் கைவிடலாம். மூன்றும் வேறு வேறு என்பதால் பிரித்துப் பார்ப்பது நல்லது.

முதலாவது, டிஸ்க் பிரேக்கின் பேடும் டிரம் பிரேக்கின் ஷூ மேல் ஒட்டிய லைனிங்கும். இவற்றில் உராய்வுப் பொருளைப் பிணைத்து வைத்திருப்பது ஒருவகைப் பிசின். அளவுக்கு மேல் சூடேறினால் பிசின் சிதைந்து வாயுவாகும், உராய்வு சரியும். பெடல் வழக்கம்போல் கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. டிரம் பிரேக்கில் இதோடு இன்னொரு தொல்லையும் சேரும். டிரம் சூடாகும்போது வெளிப்பக்கமாக விரிந்து, உள்ளிருந்து அழுத்தும் ஷூவிடமிருந்து விலகிப் போகும். டிஸ்க்கில் இந்தப் பிரச்சினை இல்லை, திறந்தபடி இருப்பதால் அது சீக்கிரம் ஆறவும் செய்யும்.

இரண்டாவது, பிரேக் ஆயில். கார்களில் கால் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்துவது இந்தத் திரவம்தான். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்தத் தரத்தில் சொல்லப்படும் கொதிநிலை வெறும் 140 டிகிரி. டாட் 4 என்றால் இவை 230, 155. மலையிறக்கத்தில் பேடை அழுத்தும் காலிப்பர் வழியாக வெப்பம் ஏறி ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் கதை முடிந்தது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். பெடல் மெத்தென்று தரைவரை போகும், சக்கரத்தில் ஒன்றும் நடக்காது. மெக்கானிக் ‘ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாத்துங்க’ என்று சொல்வதைப் பில்லை ஏற்றும் வேலை என்று ஒதுக்குகிறவர்கள் மலைக்குப் போவதாக இருந்தால் அவர் பேச்சைக் கேட்கலாம்.

மூன்றாவது, பேருந்து, லாரிகளின் ஏர் பிரேக். இங்கே ஆயில் இல்லை, தொட்டியில் சேர்த்து வைத்த அழுத்தக் காற்று. பெடலை விடும் ஒவ்வொரு முறையும் ‘புஸ்’ என்று கேட்கும் சத்தம் அந்தக் காற்று வெளியேறுவதுதான். விட்டு விட்டு அவசரமாகப் பலமுறை மிதித்தால் கம்ப்ரஸர் நிரப்புவதைவிட வேகமாகக் காற்று தீரும். இன்றைய வண்டிகளில் அழுத்தம் ரொம்பக் குறைந்துபோனால் ஸ்பிரிங் தானாகவே பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் வளைவில் வைத்து அது தானாகப் பிடிப்பதை எந்த ஓட்டுநரும் விரும்ப மாட்டார்.

கியர் செய்யும் வேலை

அந்த 61 யூனிட்டுக்கு வேறு வழி எஞ்சின்தான். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வார்கள். இதைவிடச் சுருக்கமான நல்ல பாடம் கிடையாது.

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கியரிலேயே உருளும்போது சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. பெட்ரோல் எஞ்சினில் காற்று நுழையும் வழி அப்போது கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன்கள் மூடிய வாய் வழியே காற்றை இழுக்கத் திணறும், அந்தத் திணறல்தான் வண்டியைப் பிடிக்கிறது. சின்ன கியரில் எஞ்சின் அதிக முறை சுற்ற வேண்டியிருப்பதால் பிடி இன்னும் இறுகும். உருவாகும் வெப்பம் சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறும். அந்த வேலைக்கென்றே செய்யப்பட்ட பாகங்கள் அவை, பேட் மாதிரி கருகாது.

டீசல் வண்டி இறுக்கமாகப் பிடிப்பதற்கு அதன் அதிக கம்ப்ரஷன்தான் காரணம் என்று பலரும் சொல்வதுண்டு. பாதிதான் சரி. பிஸ்டன் மேலே போகும்போது அழுத்திய காற்று, கீழே வரும்போது ஸ்பிரிங் போலத் திருப்பித் தள்ளிவிடுகிறது, கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும். வழக்கமான டீசல் எஞ்சினில் காற்று வழியை மூடும் ஏற்பாடும் இல்லை. ஆகவே கனரக வண்டிகளுக்குத் தனி உதவி தேவைப்படுகிறது: புகைப்போக்கியின் வழியை ஒரு தகட்டால் அடைத்து எஞ்சினைத் திணறவைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக், பெரிய பேருந்துகளில் பேடும் ஷூவும் இல்லாமலே சக்கரத்தின் சுழற்சியைத் தடுக்கும் ரிட்டார்டர். மலைப்பாதையில் லாரி இறங்கும்போது வழக்கமான எஞ்சின் சத்தத்தோடு ஒரு அடைத்த உறுமல் கேட்டால் அது எக்ஸாஸ்ட் பிரேக்.

அப்புறம் அந்த நியூட்ரல் விவகாரம். இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டினால் எண்ணெய் மிச்சம் என்று இன்றும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கார்புரேட்டர் காலத்தில் அதில் ஏதோ அர்த்தம் இருந்தது. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் போட்டுக் காலை எடுத்தால் கம்ப்யூட்டர் எரிபொருளை முற்றிலும் நிறுத்திவிடும், சக்கரமே எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில்தான் எஞ்சின் நின்றுவிடாமல் இருக்க எரிபொருள் செலவாகும். ஆக, மிச்சமும் இல்லை, எஞ்சினின் பிடியும் இல்லை. சாவியையே அணைத்துவிட்டு உருட்டுவது இதைவிட ஒரு படி மேல்: பிரேக்குக்கு உதவும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், ஸ்டியரிங் கல்லாகிவிடும், லாரியில் கம்ப்ரஸரும் நின்றுபோகும்.

ஆட்டோமேட்டிக் கார்களில் ‘டி’யில் போட்டுவிட்டு இறங்குவது இப்போது அதிகம் கண்ணில் படுகிறது. கியர்பாக்ஸ் மைலேஜுக்காகப் பெரிய கியருக்குத் தாவும், ஓட்டுபவர் பிரேக்கை மிதித்தபடியே வருவார். ‘எல்’, ‘2’ அல்லது மேனுவல் முறை இருப்பது இதற்குத்தான்.

எஞ்சின் பிடித்தபிறகும் பிரேக் தேவைப்படும். அப்போது மேலோட்டமாகக் காலை வைத்துக்கொண்டே போவதா, அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுப்பதா? இரண்டிலும் மொத்த வெப்பம் ஏறத்தாழ ஒன்றுதான் என்பது உண்மை. இருந்தாலும் என் ஓட்டு இரண்டாவதற்கு. லாரி, பேருந்துகளில் எல்லாச் சக்கரத்து பிரேக்கும் ஒரே அளவில் அட்ஜஸ்ட் செய்யப்பட்டிருக்காது. லேசாகத் தொட்டால் முந்திக்கொள்ளும் ஒன்றிரண்டு சக்கரங்கள்தான் முழுச் சுமையையும் வாங்கிக் கருகும், அழுத்தினால் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும். மேலும், காலை எடுக்கும் பழக்கம் இருப்பவருக்குத்தான் பெடலில் மாற்றம் வந்தால் உடனே தெரியும்.

டயரின் பிடிமானம்

வெப்பம் ஒரு பாதி என்றால் இது மறுபாதி. பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வண்டியை நிறுத்துவது கடைசியில் ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் உள்ளங்கையளவு இடம்தான்.

காய்ந்த தார்ச்சாலையில் டயரின் பிடிமானத்தைச் சொல்லும் உராய்வுக் கெழு 0.7 அளவில் இருக்கும், மழையில் 0.4 என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். சமதளத்தில் காய்ந்த சாலையில் பிரேக் பிடித்த இடத்திலிருந்து 9 மீட்டரில் நிற்கலாம். 10க்கு 1 இறக்கத்தில் அது பத்தரை மீட்டராகும், அவ்வளவாகப் பயமில்லை. இப்போது மழை. சமதளத்தில் 15.7 மீட்டர், அதே இறக்கத்தில் 21 மீட்டர். சரிவு ஒன்றுதான். காய்ந்த சாலையில் ஆறில் ஒரு பங்கு கூட்டியது, ஈரத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட்டிவிட்டது. பிடிமானம் குறையக் குறைய, சரிவு அதிலிருந்து பறிக்கும் பங்கு பெரிதாகிக்கொண்டே போகும். யோசித்துக் காலைத் தூக்கி வைப்பதற்குள் ஒரு நொடியில் கடக்கும் 11 மீட்டரை இன்னும் சேர்க்கவில்லை.

கொண்டை ஊசி வளைவில் இது இன்னும் சிக்கலாகிறது. டயரின் பிடிமானத்தைச் சட்டைப்பையிலுள்ள பணம் என்று கொண்டால், திரும்புவதற்கும் பிரேக்குக்கும் செலவு அதே பையிலிருந்துதான். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப, புவியீர்ப்பில் 0.21 பங்கு பக்கவாட்டு விசை தேவை. 30 கிலோமீட்டருக்கு 0.47. வேகம் ஒன்றரை மடங்கு, செலவு இரண்டே கால் மடங்கு. சாலை உள்பக்கமாகச் சாய்வாக இருப்பது கொஞ்சம் உதவும். ஆனாலும் மழையில் கையிருப்பு 0.4 மட்டுமே என்றால் 30 கிலோமீட்டரில் நுழைந்தவருக்குத் திரும்பவே ஏறக்குறைய எல்லாம் தீர்ந்துவிடும், பிரேக் பிடிக்க மிச்சம் இருக்காது. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் மலைச்சாலை விதிகள் கொண்டை ஊசி வளைவுக்குக் குறைந்தபட்ச வடிவமைப்பு வேகமாக 20 கிலோமீட்டரை வைத்திருப்பது சும்மா அல்ல. அதே விதிகள் வளைவுக்குள் சரிவு 40க்கு 1 என்ற அளவைத் தாண்டக்கூடாது என்றும் சொல்கின்றன. புதிதாகப் போட்ட பாதைகளில் வளைவு மட்டும் சற்றுத் தட்டையாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பழைய பாதைகள் இந்த விதிகளுக்கு மூத்தவை, அவற்றிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

ஆகவே வேகத்தைக் குறைப்பதும் கியரை மாற்றுவதும் வளைவுக்கு முன்பே நேர்ப்பாதையில் முடிந்திருக்க வேண்டும். உள்ளே போனபிறகு பிரேக்கை மிதித்தால் எடை முன்னால் சாய்கிறது, பின் சக்கரங்கள் இலேசாகின்றன, வால் வெளியே வீசும். இதே காரணத்தால் ஈரமான வளைவில் ஹேண்ட் பிரேக்கைச் சட்டென்று இழுப்பதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. பெரும்பாலான கார்களில் அது பிடிப்பது ஏற்கெனவே இலேசான அந்தப் பின் சக்கரங்களைத்தான். உயரமாகச் சரக்கேற்றிய லாரிக்கு வழுக்குவதற்கு முன்பே கவிழும் நேரம் வந்துவிடும். 0.4 பங்கு பக்கவாட்டு விசையே பல லாரிகளைச் சாய்க்கப் போதும்.

எலெக்ட்ரானிக்ஸ் எதைப் பார்த்துக்கொள்ளும்?

ஏபிஎஸ், 1978இல் பாஷ் தயாரித்து மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் வந்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளும் தருவாயில் அந்தச் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் நொடிக்குப் பலமுறை விட்டு விட்டுப் பிடிக்கும். சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்வரைதான் ஸ்டியரிங் கேட்கும், அதற்காகத்தான் இத்தனை பாடு. பெடல் காலுக்கடியில் அதிர்ந்தால் பயந்து காலை எடுக்க வேண்டாம். ஜல்லி கொட்டிய பாதையில் மட்டும் ஏபிஎஸ் சில நேரம் நிற்கும் தூரத்தைக் கூட்டிவிடும், ஏனென்றால் பூட்டிய சக்கரத்தின் முன்னே குவிந்து தடுக்கும் ஜல்லி இங்கே குவியாது.

ஈஎஸ்சி என்பது 1995இல் அதே எஸ் கிளாஸ் வழியாக வந்தது. ஸ்டியரிங் எங்கே திருப்பப்பட்டிருக்கிறது, வண்டி உண்மையில் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வண்டி திரும்பாமல் நேராகச் சறுக்கினால் உள்பக்கப் பின் சக்கரத்தைப் பிடிக்கும். வால் வீசினால் வெளிப்பக்க முன் சக்கரத்தை. நான்கு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிடிக்கும் இந்தக் காரியத்தை எந்த ஓட்டுநரின் காலும் செய்ய முடியாது. மழைக்கால மலைப்பாதைக்கு எனக்கு ஒரே ஒரு வசதிதான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் சன்ரூஃபை விட்டு இதைத்தான் கேட்பேன்.

ஹில் ஹோல்ட் என்பது ஏற்றத்தில் பிரேக்கை விட்டுக் கிளட்சுக்கு வரும் இடைவெளியில் இரண்டு நொடி வரை வண்டி பின்னால் உருளாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். ஹில் டிசென்ட் கன்ட்ரோல் 1997இல் லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டரில் வந்தது. சேறும் பாறையுமான செங்குத்தான குட்டி இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு ஊர்ந்து இறங்குவதற்கானது.

இந்தப் பட்டியலில் ஒன்றுகூட வெப்பத்தைக் குறைப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாமே பிரேக்கை இயக்கித்தான் வேலை செய்கின்றன, பிடிமானத்தை மட்டும் சாமர்த்தியமாகப் பங்கிடுகின்றன. ஹில் டிசென்டைப் போட்டுக்கொண்டு நீண்ட மலைப்பாதை முழுவதும் இறங்கினால் பேடைச் சூடாக்குவது உங்கள் காலுக்குப் பதில் கம்ப்யூட்டராக இருக்கும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். நீலகிரிக்கு வெளியிலிருந்து வரும் வண்டிகள் அங்கே இறங்கக் கட்டுப்பாடு வைத்ததற்குக் காரணம், எந்த வண்டியில் என்ன வசதி இருக்கிறது என்பதல்ல. சின்ன கியரில் இறங்கும் பழக்கம் ஓட்டுபவருக்கு உண்டா என்பதுதான்.

ஸ்கூட்டர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சின் பிடி சொற்பம். வேகம் ரொம்பக் குறைந்தால் மையவிலக்குக் கிளட்ச் விலகிக்கொள்ளும், அதன்பின் அது நியூட்ரலில் போகும் வண்டிதான். சின்ன டிரம் பிரேக்கோடு, பின்னால் ஒரு ஆளோடு கொல்லிமலையின் 70 வளைவுகளை இறங்குகிறவர்கள் நடுவில் நிறுத்தி ஆறவிட வேண்டும். தண்ணீரை ஊற்றி ஆற்றப் பார்க்காதீர்கள், சுட்ட டிரம்மும் டிஸ்க்கும் விரிசல் விடலாம், கோணலாகலாம்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு நேரெதிர் நிலை. மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடிக்கும், வெப்பமாகப் போக வேண்டியது பேட்டரிக்குத் திரும்பும். ஆட்களோடு 1,600 கிலோ கார் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினால் சரிவு தரும் ஆற்றல் 8 யூனிட்டுக்கு மேல், அதில் கணிசமான பங்கு மீட்கக் கூடியது. ஒரே ஒரு சிக்கல்: ஊட்டி விடுதியில் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு கிளம்பினால் பேட்டரியில் இடமே இருக்காது. அப்போது மோட்டார் பிடிப்பதைக் குறைத்துக்கொள்ளும், சுமை பழைய பேடுகளுக்கே வந்துவிடும். மலை உச்சியில் 80 சதவீதத்தோடு சார்ஜரைக் கழற்றிவிடலாம்.

பாதை குறுகலான இடத்தில் எதிரே ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை, இறங்குபவர் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது நம் சாலை விதியிலேயே இருக்கிறது. சரிவில் நின்றுபோன பாரவண்டி கிளட்சைத் தேய்த்துக்கொண்டுதான் மறுபடி கிளம்ப முடியும், இறங்குகிறவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நிறுத்திவிட்டு இறங்கிப் போவதாக இருந்தால் ஹேண்ட் பிரேக்கோடு கியரும் போட வேண்டும்: மூக்கு மேலே பார்த்து நின்றால் முதல் கியர், கீழே பார்த்து நின்றால் ரிவர்ஸ். முன் சக்கரத்தை, வண்டி உருண்டால் மலைச்சுவர்ப் பக்கம் போய் முட்டும்படி திருப்பி வையுங்கள். சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கல்லைக் கிளம்பும்போது சாலையிலேயே விட்டுப் போகிறார்கள் பலர்; அடுத்து வளைவில் சாய்ந்து வரும் பைக்குக்கு அது எமன்.